பொறுமையும் பவளமும்

உலகத்தில் ஏழைகளுக்கு அளவின்றி வழங்கப்படும் பண்டம் ஒன்றுண்டு. அது பொறுமையைப் பற்றிய உபதேசம். கூலி உயரவேண்டும் என்று கேட்டால் பொறுமை வேண்டும் என்பார். ஒழுகும் கூரையை மாற்றித் தாருங்கள் என்றால் அதற்கும் பொறுமை. பிறந்த நாட்டிலே, நீ இந்நாட்டான் என்று எழுதிய ஓர் அட்டையைக் கேட்டாலும் பொறுமை. நம் பாட்டன்மார் காலத்தில் கங்காணி இதைச் சொன்னார். தந்தையர் காலத்தில் துரையும் கிராணியும் சொன்னார்கள். இன்று மேடையேறுவோர் மாலையணிந்துகொண்டு சொல்கின்றனர். இதைக் கேட்டுச் சலித்த நம் இளைஞர் பலர், பொறுமை என்பதே அடிமைத்தனத்துக்கு இட்ட அழகிய பெயர் என்று முடிவு கட்டிவிட்டனர். தோட்டத்திற் கிராணி வேலை பார்க்கும் நாம் இவ்விரு திறத்தாருக்கும் நடுவே அமர்ந்து செக்ரோல் எழுதுகிறோம். ஆதலின், பொறுமை அறமா, ஏய்ப்பா என்ற வினா நமக்கு வெறும் ஏட்டு வினாவன்று.

இவ்வினாவைப் பெருநூல்களை விரித்து ஆராய்வதைவிட, கண்ணெதிரே நின்று விடை சொல்லக்கூடிய ஒரு சிறு காரியத்தை வைத்து ஆராய்வது நன்றென நினைக்கிறோம். அக்காரியம், வீட்டுக்குள்ளே உப்புநீர்த் தொட்டி ஒன்றை அமைத்து அதிற் பவளங்களை வளர்ப்பது. பொறுமைக்கும் மீன்தொட்டிக்கும் என்ன உறவு என்று வாசகர் நகைக்கக்கூடும். பணமுள்ளோர் விளையாட்டு என்று ஒதுக்கவும் கூடும். பணம் ஆகும் என்பது மெய்யே. ஆயினும் பணத்தை எவ்வளவு கொட்டினாலும் ஒரு நாளில் முடித்துவிட முடியாத காரியம் இது. அதனாற்றான் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலிற் பவளம் இன்னதென்று அறிவோம். நம் பெண்டிர் கோத்தணியும் செம்பவளம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலிற் கிடைத்துவந்த ஓரினம். நாம் ஈண்டுச் சொல்வது, வெப்ப நாட்டுக் கடல்களின் ஆழமில்லா இடங்களிற் பாறை கட்டும் பவளத்தை. அது பார்வைக்குக் கல். மெய்யில் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு சிறு வாயும், அதைச் சுற்றி மெல்லிய விரல்களும் உண்டு. கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்பை வாங்கித் தன் அடியிலே கல்லாக்கிக்கொள்வது அதன் தொழில். அதன் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரனுக்கும் பங்கு தருகின்றன. உருண்டைப் பவளங்களிற் சில ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆளுயரப் பவளம் ஒன்று கடலில் நின்றால், அதில் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறதென்று கொள்க. நம் மலாக்கா நீரிணையின் நீர் சேறு கலந்தது. ஆயினும், நெகிரி செம்பிலான் கரையிலே மலாக்காவுக்கு உரிய துண்டாய் நிற்கும் தஞ்சோங் துவான் முனையின் அடியிலும் பவளங்கள் உண்டு. நல்ல நீர் வாய்க்காத இடத்திலும் அவை வாழத்தான் செய்கின்றன.

அலோர் காஜாவில் ஆசிரியராயிருக்கும் நம் நண்பர் ஒருவர் இத்தகைய தொட்டி ஒன்றை அமைத்தார். நீளம் மூன்றடி, அகலமும் உயரமும் ஒன்றரையடி, கொள்வது ஏறக்குறைய 180 லிட்டர். நம் கரையோர நீர் கலங்கலாதலின் அது உதவாது. குழாய்நீரிலுள்ள குளோரினும் பிறவும் நீங்குமாறு வடிகட்டிய நன்னீரை எடுத்து, லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பு நிற்குமாறு கடலுப்புக் கலவையைக் கரைக்கவேண்டும். நம் ஊர்க் கூடத்திற் பகலில் வெப்பம் 31 டிகிரிக்கு ஏறும். பவளத்துக்கு 26 டிகிரி போதும். ஆகவே நீரின்மேல் விசிறி வைக்கவேண்டும், அல்லது குளிரூட்டும் பொறி பூட்டவேண்டும். அடியில் வெண்மணல், அதன்மேல் துளைகள் நிறைந்த பாறைகள், மேலே விளக்கு, உள்ளே நீரை அலைக்கும் சிறு பொறிகள். இவ்வளவும் ஒரு சனி ஞாயிற்றில் முடிந்துவிட்டன. பார்க்க வந்தவரெல்லாம், “மீன் எங்கே, சார்?” என்றனர். “இன்னும் இரண்டு மாதம் கழித்து வாருங்கள்” என்றார் நண்பர்.

ஏன் இரண்டு மாதம்? எவ்வுயிரும் கழிவை விடும். மிச்சமான உணவு அழுகும். இவையெல்லாம் நீரில் அமோனியாவாக மாறும். அமோனியா மீனுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. கடலிலே இந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உள்ளன. ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இத்தொழிலாளரைத் தனியே பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. காலம் 1890ஆம் ஆண்டை ஒட்டியது. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் இரா, இருப்பினும் மிகச் சிலவே. எனவே சிறிது அமோனியாவை நாமே நீரிலிட்டு, இவை பாறைத் துளைகளிற் குடியேறிப் பெருகும்வரை மீனின்றித் தொட்டியைப் பேணவேண்டும். அதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

இந்த உண்மையின் பயனை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவருள் ஒருவர் நம் அண்டை நாட்டவர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலடியிலிருந்து உயிரோடெடுத்த பாறைகளைத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, பெரிய வடிகட்டும் பொறி எதுவுமின்றிப் பவளங்களை வளர்த்தார். தம் முறையை 1961இல் அமெரிக்க மாத இதழ் ஒன்றில் எழுதினார். பாறையிலே குடியிருந்த நுண்ணுயிர்களே அவருக்கு வடிகட்டும் பொறியாயின.

நண்பர் அந்த ஆறு வாரமும் சும்மா இருந்தாரல்லர். ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டார். தேதி, வெப்பம், உப்பின் அளவு, அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என ஆறு கட்டம். செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு அப்புத்தகத்தைப் படிப்பதில் தனி மகிழ்ச்சி. முதல் வாரத்தில் அமோனியா ஏறி நின்றது. மூன்றாம் வாரத்தில் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. ஆறாம் வார முடிவில் இரண்டும் சுழி. தொட்டியை வெளியே நின்று பார்த்தவனுக்கு முதல் நாளும் நாற்பதாம் நாளும் ஒன்றே. வெறும் கல்லும் தண்ணீரும். புத்தகத்தைப் பார்த்தவனுக்கோ, உள்ளே ஒரு பெருங்குடியேற்றம் நடந்து முடிந்திருக்கிறது.

பின்னும் தொட்டி அழகு பெறவில்லை. மணலும் பாறையும் பழுப்புத் தோல் போர்த்தன. அது போனதும் பச்சை மயிர்ப்பாசி முளைத்தது. அதனோடு செந்நிறக் கசடு படர்ந்தது. புதுத் தொட்டிகள் பெரும்பாலும் இந்நிலையைக் கடந்தே தேறும். பார்த்தவர் சிலர், மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாமே என்றனர். சிலர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்றனர். கொட்டினால் ஆறு வாரக் குடியேற்றமும் சேர்ந்து போகும். நண்பர் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினார். பாசியைக் கையாற் பிடுங்கினார். பாசி தின்னும் நத்தைகளை விட்டார். மீனுக்கிடும் தீனியை அளந்திட்டார். ஆவியாய்ப் போவது நன்னீர் மட்டுமே, உப்பு போவதில்லை; ஆதலால் நாள்தோறும் குறைந்த அளவுக்கு உப்பில்லா நீரையே வார்த்தார். அரையாண்டு சென்றபின் பாறைகளின்மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமான சுண்ணப்பாசி, பூசியதுபோற் படியத் தொடங்கிற்று. தொட்டி நிலைபெற்றதற்கு அது நல்ல அடையாளம். முதலில் எளிதில் வாழும் மென்பவளங்களை வைத்தார். கல் கட்டும் மெல்லியல்புடைய இனங்களை ஓராண்டு கழித்தே கொணர்ந்தார்.

இப்பொழுது நம் வினாவுக்கு வருவோம். நண்பர் செய்தது பொறுமையா? ஆம். கூலிக்காரன் வாய்மூடியிருப்பதும் பொறுமை என்றே அழைக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றாகுமா? ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமந்துகொண்டு திரிவதே இங்குள்ள குழப்பத்துக்கெல்லாம் வேர். பொறுத்தல் என்பது ஒன்று; காத்திருத்தல் என்பது வேறு. பொறுத்தலாவது, பிறன் செய்த தீங்கைத் தாங்குதல். காத்திருத்தலாவது, ஒரு காரியம் விளையும் காலம்வரை அதைக் கைவிடாதிருத்தல். காத்திருத்தல் என்ற நம் சொல்லுக்குள்ளேயே ‘காத்தல்’ இருப்பதைத் தோழர்கள் நோக்கவேண்டும். காவற்காரன் தூங்கினால் அவன் காத்தவனாகான். நாள்தோறும் நீர் வார்த்து, அளவெடுத்து, பாசி பிடுங்கியவரே தொட்டியைக் காத்தவர், அவரே காத்திருந்தவர்.

வள்ளுவரும் இவற்றைக் கலக்கவில்லை. பொறையுடைமையை அறத்துப்பாலில் 16ஆம் அதிகாரமாக வைத்தார். காலமறிதலைப் பொருட்பாலில் 49ஆம் அதிகாரமாக வைத்தார். மடியின்மையையும் ஆள்வினையுடைமையையும் 61, 62ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். தீங்கைப் பொறுப்பதற்கு ஓரிடம். காலம் பார்ப்பதற்கு ஓரிடம். சோம்பாது முயல்வதற்கு ஓரிடம். நமக்கு உபதேசம் செய்வோரோ, காலமறிதலைப் பற்றிய பேச்சில் தொடங்கிப் பொறையுடைமையிற் கொண்டுபோய் முடிக்கின்றனர். “இது உடனே நடக்கிற காரியமா?” என்று கேட்டுத் தொடங்குவர், “ஆகையால் வாய்மூடி இரு” என்று முடிப்பர்.

மலாக்காத் தமிழருக்கு இவ்வேறுபாட்டை விளக்க ரப்பர் மரம் ஒன்றே போதும். 1896இல் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீனச் செல்வர் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்கென ரப்பர் நட்டவருள் முதல்வராக அவரே எண்ணப்படுகிறார். கன்று வைத்து ஐந்து முதல் ஏழு ஆண்டு கழிந்தாலன்றி ரப்பர் மரத்திற் கத்தி வைத்தலாகாது. ரப்பர் நட்டுப் பால் எடுத்த முதலாளிகள் அத்தனை ஆண்டு காத்திருந்தனர். காட்டை வெட்டிக் களையெடுத்த கூலிகளும் காத்திருந்தனர். மரத்துக்காகக் காத்திருந்தது இரு தரத்தார்க்கும் பொது. மரம் பால் கொடுக்கத் தொடங்கிய பிறகும் காத்திருக்கச் சொல்லப்பட்டவர் ஒரு தரத்தாரே. முதலிற் காத்திருந்தது மரத்தின் இயல்பினால்; பிறகு காத்திருந்தது மனிதரின் வசதியினால். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததில்தான் ஏய்ப்பு நுழைந்தது.

எனவே முதற் சோதனை இது: இந்தக் காலம் காரியத்தின் இயல்பிலே இருக்கிறதா, அல்லது எவருடைய வசதியிலாவது இருக்கிறதா? நுண்ணுயிர் பெருக ஆறு வாரம் ஆகும். அதை எந்த அதிகாரியும் ஆணையிட்டுக் குறைக்க முடியாது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று எழுதுவதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். தோட்டத் தொழிலாளிக்கு நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுப் பழமையுடையது. மழை பெய்தால் நாட்கூலி போயிற்று. ரப்பர் விலை விழுந்தால் வருமானம் விழுந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013இல். 1,500 ஆனது 2022இல். 1,700 ஆனது 2025இல். இந்த இடைக்காலங்களில் எந்தப் பவளம் வளர்ந்துகொண்டிருந்தது? இந்நாட்டிலேயே பிறந்து, சிவப்பு அடையாள அட்டையோடே நரைத்துப்போன முதியோர் தோட்டப்புறங்களில் இருந்தனர், இருக்கின்றனர். அட்டை நீலமாவதற்கு எந்த நுண்ணுயிரும் பெருகத் தேவையில்லை.

இரண்டாவது சோதனை: காத்திருக்கும் காலத்தில் அளந்து காட்டக்கூடிய அசைவு உண்டா? நண்பரின் தொட்டி வெளிக்கு அசையாதிருந்தபோதும் புத்தகத்தில் அசைந்தது. எண் ஏறியது, எண் இறங்கியது. “பொறுங்கள், வேலை நடக்கிறது” என்று எவரேனும் சொன்னால், “புத்தகத்தைக் காட்டுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மனு எந்த மேசையில் இருக்கிறது, சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வேறுபாடு, அடுத்த படி யாது என்பனவற்றுக்கு விடை உண்டானால் அது காத்திருத்தல். விடையில்லையானால் அது கிடத்தல்.

மூன்றாவது சோதனை சற்று நுட்பமானது: காத்திருத்தலின் உழைப்பைச் சுமப்பவர் யார்? இதற்குப் பவள வளர்ப்பின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1846இல் ஆங்கிலச் சீமாட்டி அன்னா தின் என்பார் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரிலிருந்து சில பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டிலே வளர்த்தார். அப்பொழுது மின்சாரமுமில்லை, நீரை அலைக்கும் பொறியுமில்லை. நீரிற் காற்றுக் கலக்கவேண்டுமானால், திறந்த சாளரத்தின் முன் நின்று அதை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் அரைமணி முதல் முக்கால்மணி நேரம். அவ்வேலையைச் செய்தவள் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அது களைப்பூட்டும் வேலையே என்று சீமாட்டியார் பின்னர் ஒப்புக்கொண்டு எழுதினார். ஆனாற் சிறுமிக்கு அது ஒரு விளையாட்டாய் இருந்ததென்றும் சேர்த்து எழுதினார். பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்ந்தன. வீட்டிற் பவளம் வளர்த்த முன்னோடி என்று அன்னா தின்னின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, தகுதியுள்ள பெயர்தான். ஊற்றிய கையின் பெயர் அக்கதையில் இல்லை. அவளுக்கு அது விளையாட்டாய் இருந்ததா என்று அவளைக் கேட்டவரும் இல்லை.

தோழர்களே, நம் வீடுகளையும் இச்சோதனையில் வைக்கவேண்டும். “எங்கள் குடும்பம் பொறுமையால் உயர்ந்தது” என்று பெருமை பேசும் ஆடவர், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, திரும்பிவந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாயின் கையை நினைப்பதுண்டா? பொறுமை அவருடையது, உழைப்பு அவளுடையது. முதலாளியிடம் நாம் கேட்கும் கேள்வியை நம் வீட்டு அடுப்படியிலும் கேட்கத் துணியாவிடில், நம் சீர்திருத்தம் வாசற்படியோடு நின்றுவிடும்.

இனி, இளைஞர் பக்கம் திரும்புவோம். பொறுமை என்றாலே வெறுக்கும் அவர்கள் அவசரத்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கம் முதல் பிலிப்பைன்ஸ் கடலில், தொட்டி மீன்களை விரைவாகப் பிடிப்பதற்குச் சயனைடு நஞ்சைப் பாறையிடுக்குகளிற் பீய்ச்சினர். மயங்கிய மீன் எளிதாகக் கைக்கு வந்தது, பவளம் செத்தது, பிடித்த மீன்களிலும் பல பின்னர் மடிந்தன. தமிழ்நாட்டிலே தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாய் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தனர். அலையைத் தடுத்த மதில் கரைந்ததால், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருள் மூழ்கின. 1986இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களிற் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன. நடும் பணி நிற்கவில்லை. வெட்டியவர் சில காலத்தில் வெட்டினார். நட்டவர் இன்னும் நட்டுக்கொண்டிருக்கிறார். அவசரத்தின் விலையைக் கொடுப்பவன் பெரும்பாலும் அவசரப்பட்டவன் அல்லன். இதை அறிந்தே நம் நண்பர், கடலிற் பறித்த பவளத்தை வாங்காது, பிறர் தொட்டிகளில் வளர்ந்தவற்றிலிருந்து வெட்டிய துண்டுகளையும், பண்ணையிற் பொரித்த மீன்களையுமே நாடினார். அவை சிறியவை, நாளும் கூடுதலாகும். அந்த நாளை அவர் தாமே ஏற்றுக்கொண்டார்.

நம் சமூகத்திலும் இயல்பினாலே காலம் வேண்டும் காரியங்கள் உள்ளன. குழந்தையின் கல்வி அத்தகையது. சம்சுக் குடியிலிருந்து ஒருவன் மீள்வது அத்தகையது. ஒருவரையொருவர் நம்பிப் பணம் போடும் பழக்கம் அத்தகையது. இவற்றுக்குக் கையெழுத்து மட்டும் போதாது. நம்மவர் பலர் சங்கம் ஒன்றைத் தொடங்குவர். மூன்றாம் மாதத்தில் பழுப்புப் பாசி போர்க்கும், அதாவது வருகை குறையும், கணக்கிற் சந்தேகம் முளைக்கும், புறம்பேச்சுப் படரும். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறொரு பெயரில் வேறொரு சங்கம் தொடங்குவர். அங்கும் மூன்றாம் மாதம் வரும். பாசியைக் கையாற் பிடுங்கி, நீரை மாற்றி, அந்த அரையாண்டைக் கடந்துசெல்ல மனமின்மையே நம் படிப்பகங்கள் பலவற்றின் கதவை மூடியது.

அதைக் கடந்தோரும் நம்மிடையே இருந்தனர். 1960ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்துநின்றனர். அப்பொழுது வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். நூறு வெள்ளிப் பங்கு; அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலியில் வாழ்ந்த மக்களுக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. அந்தத் தொழிலாளர் காத்திருந்தனரா? காத்திருந்தனர். மாதந்தோறும் புத்தகத்திற் பதிந்துகொண்டு காத்திருந்தனர். தம் கையால் உழைத்து, தம் பொருளுக்காகக் காத்திருந்தனர். நாம் மேலே சொன்ன மூன்று சோதனைக்கும் அக்காத்திருப்பு நிற்கும். துண்டாடலை நிறுத்துங்கள் என்று கேட்பதற்கு அது தடையாகவும் இருக்கவில்லை. ஒரு கையாற் கேட்கலாம், மறு கையாற் கட்டலாம்.

இங்கே ஒருவர் எழுந்து, “எது இயல்பான காலம், எது பிறர் வசதிக்கான காலம் என்று எப்பொழுதும் தெளிவாகத் தெரியுமா?” என்று கேட்கக்கூடும். எப்பொழுதும் தெரியாது என்பதே நேர்மையான விடை. பல காரியங்களில் இரண்டும் பின்னிக் கிடக்கும். ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் எழ மாதங்கள் ஆவது இயல்பு. ஒப்புதல் தாளுக்கு ஆண்டுகள் ஆவது இயல்பன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கணக்கு வேண்டும்; கணக்கு வைக்கும் பழக்கம் வேண்டும். அதனாற்றான் அந்தப் புத்தகத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இன்று இருக்கிறது. மனு கொடுத்த நாள், பதில் வந்த நாள், சொன்னவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்பிள்ளையைக்கொண்டு எழுதிவைக்க ஒரு காசும் செலவில்லை. நினைவில் இருக்கும் குறை நாளடைவில் முணுமுணுப்பாகிவிடும். தேதியோடு எழுதிய குறைக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆகவே பொறுமையை இளைஞர் தூக்கியெறியவும் வேண்டா. உபதேசிகள் சொல்லும் வண்ணம் விழுங்கவும் வேண்டா. பிரித்தெடுத்துக்கொள்ளவேண்டும். பிள்ளைக்கும் படிப்பகத்துக்கும் கூட்டுறவுக்கும் வேண்டிய காலத்தை மனமுவந்து கொடுப்போம். அக்காலம் முழுதும் கை ஓயாதிருப்போம். தாளும் கையெழுத்தும் மட்டுமே வேண்டிய காரியங்களுக்கு, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டேயிருப்போம். அடுத்த முறை எவரேனும் நம்மைப் பொறுமையாயிருக்கச் சொன்னால் சினக்கவேண்டியதில்லை. காலம் எதனால் வேண்டியிருக்கிறது, இதுவரை என்ன நடந்திருக்கிறது, இடையில் உழைப்பவர் யார் என்று மூன்றையும் அமைதியாகக் கேட்போம். விடை நேராக வந்தால் அவரோடு சேர்ந்து காத்திருப்போம். வராவிட்டால், கேள்வியைத் தேதியோடு எழுதிக்கொண்டு மறுநாளும் போவோம்.